மீனாவைப் படகேற்றியது நான்தான்

அந்தப் புத்தகத்தைப் பிரித்தாலே தும்மல் வரும். மிளகாய் வத்தல் மூட்டைக்கும் புளிக்கூடைக்கும் நடுவில் ஒரு மாதம் கிடந்ததில் தாளெல்லாம் காரநெடி ஏறிப்போயிருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும்தான் என் வாழ்க்கையின் முதல் காதல் கதையை நான் படித்தேன். நான் அழுவது கதையாலா வத்தலாலா என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. "இங்கிலீஷ் புஸ்தகம்னு சும்மா விட்டா, இவ என்னத்தையோ படிச்சிட்டு மூக்கை உறிஞ்சுதா" என்று அப்பாவிடம் முறையிடுவாள்.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்களுக்கு மளிகைக் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர் என்பதால் அப்பா அந்தத் தெருவுக்கே "அண்ணாச்சி". கடுகு, சீரகம், பெருங்காயம் மாதிரி கொஞ்சமாக வாங்கும் சாமான்களைப் பொட்டலம் மடித்துக் கொடுக்க, பழைய பேப்பர்க்காரரிடம் தாள் எடைக்கு வாங்குவார். துறைமுகத்தில் வந்து இறங்கும் கழிவுத்தாள் கட்டுகளிலிருந்து அவரிடம் சில சமயம் வெளிநாட்டுப் புத்தகங்களும் வந்துசேரும். எங்கோ விற்காமல் போய், மேலட்டை கிழிக்கப்பட்டு, கடல் தாண்டி வந்தவை. அப்பா அவற்றைக் குப்புறக் கிடத்திப் பின்னாலிருந்துதான் தாள் கிழிப்பார். "முன்னால கிழிச்சா கட்டு பிரிஞ்சு எல்லாம் பறக்கும், பின்னால கிழிச்சா கடைசித் தாள் வரைக்கும் புஸ்தகம் நிக்கும்" என்பது அவருடைய தொழில் நுணுக்கம். அதனால் எங்கள் கடையில் எந்தக் கதைக்கும் முடிவுதான் முதலில் தீர்ந்துபோகும்.

நான் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த வருஷம் அப்படி வந்து ஒரு மாதமாகக் கடையில் கிடந்த ஒரு குண்டுப் புத்தகத்தை, முழுசாக இருக்கும்போதே எடுத்துவைத்துக்கொண்டேன். கடல் ஏறிப் பாதி மூழ்கிய ஒரு நகரம். காற்று கெட்டுப்போனதால் அரசாங்கம் வீட்டுக்கு இவ்வளவு என்று ரேஷன் அட்டை போட்டுக் காற்றை அளந்து கொடுக்கிறது. பதினெட்டு வயது முடிந்தவர்களில் சிலரை வருஷாவருஷம் பொறுக்கியெடுத்து, நல்ல தண்ணீர் தேடி மதிலுக்கு வெளியே அனுப்புகிறார்கள். பாதிப் பேர் திரும்புவதில்லை. அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணும் பையனும் துருப்பிடித்த கப்பல்களுக்கு நடுவே ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள், காதலிக்கிறார்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து வார்த்தை புரியாது. அகராதியைப் பார்க்கப் பொறுமை இல்லாமல், புரியாத வார்த்தைகளைத் தாண்டித் தாண்டி ஓடினேன்.

என்னிடமிருந்து கதையை வாங்கிக்கொண்டவள் கஸ்தூரி. கரையோரக் குப்பத்தில் வீடு. அவளுடைய அப்பா கட்டுமரமும் ஃபைபர் படகுமாகக் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். இரண்டு வருஷம் படிப்பை விட்டுவிட்டு மறுபடி சேர்ந்தவள் என்பதால் எங்கள் வகுப்பிலேயே மூத்தவள், பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. இங்கிலீஷ் பாடம் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஆனால் கதை கேட்பதில் அவளுக்கு நிகராக ஒருத்தியை நான் இதுவரை பார்க்கவில்லை. பள்ளி விட்டதும் எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டி, கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்களின் மேல் போய் உட்காருவோம். பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். முந்தின நாள் படித்ததை நான் சொல்லச் சொல்ல அவள் குறுக்கே குறுக்கே பேசுவாள்.

முதல் நாளே கதாநாயகியின் பெயரைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி பேரு இது, வாயில பூந்து வெளிய வர்றதுக்குள்ள கதையே முடிஞ்சிடும். மீனான்னு வெச்சிக்கோ. அவன் குமாரு." அன்றிலிருந்து அந்த வெளிநாட்டு நகரத்தில் மீனாவும் குமாருமே திரிந்தார்கள். பசியில் மீனா வெறுங்கையால் மீன் பிடிக்கும் இடம் வந்தபோது, "எயுதுனவன் கடலையே பாத்துருக்க மாட்டான், அப்டிப் புடிச்சா செவுளு கையை அறுத்துடும்" என்றாள். காற்றுக்கு அட்டை போடும் இடத்தைச் சொன்னது வேறொரு நாள். அன்றைக்கு வடக்கேயிருந்து தொழிற்சாலை நெடி வீசிக்கொண்டிருந்தது. இருவரும் துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். கஸ்தூரி, "இதுல இன்னா கத கீது, நம்ப ஏரியா தான?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கும்போது அது எங்கள் ஊர் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பொதுத்தேர்வு நெருங்க நெருங்க அம்மாவின் கண்காணிப்பு கூடியது. வீட்டில் ஒளிக்க இடமில்லாமல் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கடையில் தாள்கட்டுக்கு அடியில் செருகினேன். புத்தகத்தோடு புத்தகமாகக் கிடக்கட்டும், யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பொட்டலம் மடிக்கிறவர் பெற்ற மகளுக்கு வரக்கூடாத புத்தி அது. நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், கட்டு குறைந்து என் புத்தகம் மேலே வந்திருந்தது, குப்புறக் கிடந்தது. நான் இன்னும் படித்திராத கடைசி முப்பது நாற்பது பக்கங்களைக் காணோம். அப்பாவிடம் ஓடினேன். "கடையில கெடக்கது எல்லாம் கடைக்குத்தாம்ட்டி. பத்திரமா வேணும்னா சொல்லிட்டு வைக்கணும்லா" என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்.

மிச்சமிருந்த கடைசிப் பக்கத்தில், இருவரும் உயிரோடு ஊர் திரும்பியிருக்கிறார்கள், வடக்கே நல்ல காற்றுள்ள ஊருக்கு ஒரு படகு கிளம்பப்போகிறது. அதில் இரண்டு பேருக்குத்தான் இடம். குமாரு வந்து கூப்பிடுகிறான். மீனாவின் அப்பா, "போனால் போனதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். மீனா வாசலில் நிற்கிறாள். வாக்கியம் முடியாமலே தாள் முடிந்துவிட்டது.

அப்போது கஸ்தூரிக்கும் ஒரு குமாரு இருந்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு, கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபுட்பால். பெயர் சதீஷ். நல்ல பையன்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் குப்பத்து ஆள் இல்லை, கடல் தெரியாதவன், வேறு சாதி. விஷயம் தெரிந்ததும் அவள் நைனா கத்தவில்லை, அடிக்கவில்லை. "அவன் வூட்டு வாசப்படி ஏறுனா, இந்த வூட்டு வாசப்படிய மறந்துடு" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

கடைசித் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் கற்களின் மேல் உட்கார்ந்து, கஸ்தூரி என்னைக் கேட்டாள்: "மீனா போனாளா, இல்லியா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தாள் கிழிந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவளைப் பொறுத்தவரை நான் இங்கிலீஷ் படிக்கிறவள், கதை முழுக்கத் தெரிந்தவள், அந்தக் கெத்தை விட மனசில்லை. பதினேழு வயதில் காதலர்கள் சேர்வதைத் தவிர வேறு எந்த முடிவும் எனக்குப் பிடிக்கவும் இல்லை. "போயிட்டா" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. சொன்னது சப்பென்று இருக்கிறதே என்று அழகுக்காக ஒரு வரி சேர்த்தேன். "படகுல ஏறினவ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல."

கஸ்தூரி எழுந்து துப்பட்டாவை உதறிக்கொண்டாள். "சூப்பரா முட்ச்சிருக்கான்டி" என்றாள். பத்து நாளில் சதீஷோடு போய்விட்டாள்.

அவள் போனதற்கு என் கதைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் திமிர் இல்லை. போகிறவள் கதை கேட்காமலும் போயிருப்பாள். என்னை நானே மன்னிக்க முடியாமல் தவிப்பது அதற்குப் பிறகு நடந்ததற்காக.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், நான் கல்லூரியிலிருந்து வந்து கடையில் உட்கார்ந்திருந்தபோது, கஸ்தூரியின் அம்மா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுப் புளி கேட்டார். அப்பா உள்ளே போன நேரம் பார்த்து என் பக்கம் குனிந்தார். "உன் தோஸ்த்தாண்ட சொல்லும்மா, அவ நைனா அவளக் கேட்டுகினே கீறாரு. வாய வுட்டு வான்னு சொல்ல மாட்டாரு, அந்தாளு அப்டி. அவ வந்து நின்னா போதும்." நைனாவுக்கு மூச்சு வாங்குகிறது, கடலுக்குப் போய் மாசக்கணக்காகிறது என்றும் சொன்னார்.

மறுநாளே வியாசர்பாடிக்குப் போய்ச் சொன்னேன். கஸ்தூரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "மீனா திரும்பிப் பாக்கலியே" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று முதலில் நினைத்தேன். "அவளும் அயுதுருப்பா தான? ஆனா பாக்கல. நான் மட்டும் போயி நின்னா இன்னா மரியாத?" என்றபோதுதான், என் அலங்கார வரியை அவள் இரண்டு வருஷமாக மனசுக்குள் வைத்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று புரிந்தது. அது நான் இட்டுக்கட்டியது என்று சொல்ல வாய் வரை வந்தது. வெட்கமாக இருந்தது. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம், அவர் எங்கே போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த அடுத்த தடவை வரவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். செய்தி தெரிந்து கஸ்தூரி பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு இடையில் நின்று, தூரத்தில் போகும் பாடையைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. பறைச்சத்தத்தையும் மீறி ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

புத்தகத்தின் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அச்சாகியிருந்தது. தேடியிருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும். பயத்தில் தேடாமலே பல வருஷத்தை ஓட்டினேன். போன வருஷம் நடைபாதைக் கடை ஒன்றில், இந்த முறை மேலட்டையோடு, அதுவே கண்ணில் பட்டது. வாங்கக்கூடப் பொறுமை இல்லாமல் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். மீனா படகேறத்தான் செய்கிறாள். அதுவரை நான் சொன்னது சரி. அதற்குப் பிறகும் இருபது பக்கம் இருந்தது. வடக்கே நல்ல காற்றில் ஒரு வருஷம் வாழ்ந்துவிட்டு, குமாருவையும் கூட்டிக்கொண்டு அவள் திரும்பி வருகிறாள். தட்டுவதற்குக் கை தூக்குகிறாள். அதற்குள் அப்பா கதவைத் திறக்கிறார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்பது மாதிரி ஏதோ ஒரு சாதாரண வார்த்தைதான் சொல்கிறார். அந்த நடைபாதையில் நின்று நான் அழுதேன். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இப்போது எங்கள் கடையில் பொட்டலம் கிடையாது. கடுகுகூடக் கம்பெனி பாக்கெட்டில் தொங்குகிறது, அப்பா ஸ்கேனரைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பழைய பேப்பர்க்காரர் கடை இருந்த இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். சாலையை அகலப்படுத்தியபோது கஸ்தூரியின் வீடு இருந்த வரிசையே போய்விட்டது. அவள் அம்மாவும் இப்போது மகளோடு வியாசர்பாடியில்தான் இருக்கிறார். நானும் கஸ்தூரியும் உட்கார்ந்த கற்களில் பாதியைக் கடல் விழுங்கிவிட்டது, மீதிக்கு நாங்கள் போவதில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். கிழிந்த தாள்களையும், நான் சேர்த்த வரியையும், உண்மையான முடிவையும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கதவத் தொறந்தாராமா அவ அப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்டுக் கதவுல தாப்பாளே கெடையாதுடி. உப்புக் காத்துல துருப்புடிச்சி எப்பவோ வுயுந்துட்ச்சி. மாத்து மாத்துன்னு அம்மா சொல்லிகினே இருக்கும், நைனா மாத்தவே இல்ல. சும்மா சாத்தி தான் இருந்துச்சி, அத்தினி நாளும். தள்ளியிருந்தா தொறந்துருக்கும்."