விரல் நீட்டாத இடம்

சண்முகப்பிரியா ஒரு கணக்குப் போட்டால் கொடைக்கானல் மேகம் நின்று விடை கேட்டுவிட்டுத்தான் நகரும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். மேகம் நிற்காது, நடையைக் குறைக்கும்.

பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர் வீட்டுப் பெண் அவள். படித்து முடித்து, மலைமேல் தண்ணீர் ஆய்வுக் குழு ஒன்றில் சேர்ந்தாள். அங்கே என்னதான் சோலி என்று அம்மா கேட்டதற்கு, நம் கடை வேலைதான், ஆளுக்கொன்றாய் வைத்திருப்பதை ஒரே அண்டாவில் பிசைவது என்றாளாம். மழை அளப்பவர் ஒன்று சொல்வார், பூண்டு போடுபவர் ஒன்று, தேன் எடுப்பவர் ஒன்று. எல்லோரையும் பெரிய தாள் ஒன்றைச் சுற்றி உட்காரவைத்து, எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போடச் சொல்வாள். பிறகு அந்த அம்புகளைக் கணினியில் ஏற்றி, மழை குறைந்தால் என்ன ஆகும், மரம் போனால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்ப்பாள்.

மலைச்சரிவு ஒன்றில் விடுதி கட்டியிருந்த திருமலைச்சாமி, தண்ணீருக்காகச் சோலைக்காட்டுக்குள் ஆழ்துளைப் போர் போட அனுமதி கேட்டிருந்தார். அவரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான். கீழே பெருமாயி என்பவளின் குடியிருப்பு, ஒரே ஓடையை நம்பியிருக்கும் மலைச்சனம். போர் போட்டால் ஓடை வற்றுமா என்பதுதான் கேள்வி.

தாள் நிறைந்தது. நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. போர் போட இருந்த இடமே அதுதான். அந்தப் பக்கம் வந்த அம்பெல்லாம் கிட்டே வந்ததும் வளைந்து விலகியிருந்தது. அம்பு இல்லை என்றால் தொடர்பு இல்லை என்று பிரியா எழுதிக்கொடுத்துவிட்டாள். திருமலைச்சாமிக்கு வாயெல்லாம் பல்.

அதன் பிறகுதான் அவள் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். ஓடைக்குத் தண்ணீர் வரும் வழியே தாளில் இல்லாததால், போரைச் சேர்க்கும் முன்பே கணக்குப்படி பெருமாயியின் ஓடை என்றைக்கோ செத்துப்போயிருந்தது. குடியிருப்பில் ஆளே மிஞ்சவில்லை. மறுநாள் அந்த ஆட்கள் எதிரே உட்கார்ந்து டீ ஊதிக் குடித்தபோது, பிரியாவுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வெள்ளையாக விட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று பெருமாயியைக் கேட்டாள். பெருமாயி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வெள்ளனே வா, கூட்டிப்போகிறேன் என்றாள்.

சோலைக்குள் மூடுபனி இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது. பறவைச் சத்தம் ஓரிடத்தில் சட்டென்று நின்றது. தண்ணீர்ச் சத்தம் முன்னாலும் பின்னாலும் காலடியிலும் கேட்டது. தண்ணீரைத்தான் காணோம். ஊற்று அங்கேயா என்று கேட்கப் பிரியா விரலை நீட்டினாள். பெருமாயி அதைப் பிடித்து மடக்கினாள்.

“நீட்டாத தாயி. கையைக் காட்டுனா ஊத்து எடம் மாறிப் போயிரும்.”

“யாரு சொன்னா?”

“காட்டுனவுக ஊரு அந்தா கெடக்கு.” முகவாயைத்தான் அசைத்தாள். மரங்களுக்கு இடையே, பாசி ஏறிய ஆட்டுக்கல்லும் அம்மியும் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் ஒரு சுவர்கூட இல்லை.

அம்புக்குறியும் நீட்டிய விரல்தானே என்று பிரியாவுக்கு அங்கேதான் உறைத்தது. தொடர்பு இல்லாமல் விட்ட இடமில்லை அது. எல்லோருக்கும் தொடர்பு இருந்ததால் விட்ட இடம்.

அடுத்த கூட்டத்துக்குப் பேனா கொண்டுபோகவில்லை, கூழாங்கல் கொண்டுபோனாள். இந்த இடத்தை நம்பியிருப்பவர்கள் ஒரு கல் வைத்தால் போதும் என்றாள். வெள்ளை இடம் கல்லால் மூடிவிட்டது. அதைக் கணினியில் ஏற்றியதும் குடியிருப்புக்கு உயிர் வந்தது. போரைச் சேர்த்ததும் மறுபடி ஆளில்லாமல் போனது.

கல்லெல்லாம் ஒரு சாட்சியா என்று திருமலைச்சாமி சிரித்தார். பிரியா தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

“அப்ப போர் போடுற எடத்தைக் கையை நீட்டிக் காட்டுங்கண்ணே.”

அவர் விரலை நீட்டினார். தாளுக்கு மேலே அது அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடங்கியது. வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, கூட்டம் நடந்த அறையின் சிமெண்டுத் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

இதை நான் எழுதி வாசித்துக் காட்டியபோது பக்கத்தில் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த பெருமாயி தலையை ஆட்டினாள்.

“எல்லாரும் தூக்கலைங்கம்மா. திருமலைச்சாமி தூக்கலை. அவரு வெரலை நீட்டுனப்பவே காலு நனைஞ்சு கெடந்துச்சு.”