றக்வானை காதுகுத்தும் கட்டாருக்கு அனுப்பிய வீடியோவும்

சென்ற மாசி மாதம் ருவான்வெல்லையிலிருந்து றக்வானைக்குப் போய் வந்தேன். என் கடைசித் தங்கை கமலாவின் பையனுக்குக் காதுகுத்து. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை, பெயர் கவிஷன். அவனுடைய அப்பா, அதாவது என் மாப்பிள்ளை ராமச்சந்திரன், கட்டாரில் வேலை செய்கிறார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே போனவர். இதுவரை அவனை நேரில் பார்த்ததில்லை.

வீடியோ கோலில் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் கமலா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். லயத்து வரிசை வீடுகளுக்குள் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். "எம் புள்ள எப்பவும் சதுரமாவே இருக்கான் மச்சான்" என்று மாப்பிள்ளை ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். காதுகுத்துக்கு லீவு கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை. "நீங்க போறீங்கதானே, நல்லா ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. முகம் தெளிவா தெரிஞ்சா போதும்" என்றார். ஒரு மனிதன் அவ்வளவுதான் கேட்டான். அதை ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்தேன்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. மாப்பிள்ளையின் அக்கா பாக்கியம் வீட்டுக் கல்யாணத்தில் நான் எடுத்த வீடியோவை அந்த அம்மா நாலு பேர் நடுவில் போட்டுக் காட்டி, "மச்சான் எடுத்த படத்துல பொண்ணையும் காணோம், மாப்பிள்ளையையும் காணோம். ஜன்னல் மட்டும் ரொம்ப அழகா விழுந்திருக்கு" என்றார். சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது உண்மைதான், அதனால்தான் கூடுதலாக எரிந்தது. கல்யாண மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருந்தேன். நான் முப்பது வருடம் இறப்பர் தொழிற்சாலையில் ஷீட் தரம் பார்த்தவன். ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தால்தான் உள்ளே இருக்கும் குமிழியும் தூசியும் தெரியும். அந்தப் பழக்கத்தில் மனிதர்களையும் ஜன்னலுக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். ஷீட்டுக்கு வெளிச்சம் பின்னால் வேண்டும், முகத்துக்கு முன்னால் வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யூடியூபில் சொல்லித்தரும் தம்பிமார் பேசும் வேகத்துக்கு என் காது ஓடாது. நானே எடுத்து, நானே பார்த்து, நானே திருத்திக் கற்றுக்கொண்டேன். விலை கூடிய போன் வாங்கு என்றவர்களுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன்: என்னுடையது பழைய போன்தான், அதை மாற்றப் போவதில்லை.

இனிப் பயணம். காலை ஐந்தரைக்கு ருவான்வெல்லையில் பஸ் ஏறி அவிசாவளை, அங்கிருந்து இரத்தினபுரி. ஒன்பது மணிக்கு முன்பே இரத்தினபுரி ஸ்டாண்டில் நின்றேன். அங்கே றக்வானை பஸ் பிடித்தால் பெல்மதுளை, கஹவத்தை வழியாக நேராகப் போய்விடலாம். மூன்று பஸ்ஸுக்கும் சேர்த்து நான் கொடுத்தது ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. போகிறவர்கள் இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள்.

கஹவத்தைக்கு அப்பால் பாதை வளைந்து ஏறத் தொடங்கியதும் போனை வெளியே எடுத்தேன். ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து எடுத்தால் பஸ்ஸின் நடுக்கமெல்லாம் படத்துக்குள் வரும். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, உடம்பைச் சீட்டில் சாய்க்காமல் எடுத்தால் பாதி நடுக்கத்தை உடம்பே வாங்கிக்கொள்ளும். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் சாரதி என்னைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். சிங்களவர், தமிழும் வரும்.

"அங்கிள், முன்னுக்கு வாங்க. இங்க நல்லா தெரியும்" என்று தன் பக்கத்தில் இருந்த சீட்டைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். "ஆனா வளைவுல கை உள்ளுக்கு. போன் விழுந்தா நான் நிப்பாட்ட மாட்டேன்."

"நான் விழுந்தா?"

"அங்கிள் விழுந்தா நிப்பாட்டுவேன். டிக்கட் எடுத்திருக்கிறீங்கதானே."

அந்தப் பாதையில் அந்த மனிதர் பஸ் ஓட்டிய விதத்தை ஒரு முழு வீடியோவாக எடுத்திருக்க வேண்டும். எதிரே தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி வந்தபோது ஒரு சாண் இடைவெளியில் ஒதுங்கினார். போன் திரையில் ஒரு குலுக்கல்கூட இல்லை. கீழே பள்ளத்தில் மூட்டம் நிறைந்து கிடக்க, மேலே தேயிலை ஈரமாக மின்னியது. நான் பிறந்ததிலிருந்து தோட்டம் பார்க்கிறவன், ஆனாலும் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

றக்வானை டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ. மேட்டுப் பாதை என்பதால் தொள்ளாயிரம் ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். பாதையைப் பார்த்த பிறகு அது நியாயம் என்றே பட்டது.

சாயங்காலமே கோவிலுக்குப் போய் இடம் பார்த்தேன். தோட்டத்தில் அவர்கள் இருக்கும் பிரிவுக்கு, அதாவது டிவிஷனுக்கு, உரிய மாரியம்மன் கோவில், முன்னால் தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் வெட்டவெளி மலை. அப்படியே எடுத்தால் மலை வெள்ளையாகவும் மனிதர்கள் கரிக்கட்டையாகவும் வருவார்கள். பிள்ளையை எந்தப் பக்கம் பார்த்து உட்காரவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, காது குத்த வந்திருந்த ஆசாரி சொன்னார்: "கெழக்கப் பாத்துதாங்க ஒக்காரணும். அதுல மாத்தம் இல்ல." காலை நேரம், கிழக்கே பார்த்த முகம். அதைவிட நல்ல வெளிச்சம் எந்த ஸ்டூடியோவில் இருக்கிறது? கேமரா என்ற ஒன்று வருவதற்கு முன்பே நம் ஆட்கள் வெளிச்சத்தைச் சரியாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வழக்கத்தின் மீது ஒரு புது மரியாதை வந்தது.

அப்போதுதான் பாக்கியம் வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னங்க மச்சான், இங்க ஜன்னலே இல்லியே. எதப் படம் புடிக்கப் போறீங்க?"

"நாளைக்குப் பாரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை மெல்லிய மூட்டம். வெயில் சுள்ளென்று விழாமல் வடிகட்டினாற்போல் இருந்தது. லென்சைப் பனியன் துணியால் துடைத்தேன். போனை ஃபிளைட் மோடில் போட்டேன். இல்லாவிட்டால் சரியாக ஊசி இறங்கும் நேரத்தில் யாராவது கோல் எடுத்து ரெக்கோர்டிங் நின்றுவிடும். தப்பு மேளம் அடிப்பவர்களிடம் பதினைந்து அடி தள்ளி நிற்கச் சொன்னேன். தப்புச் சத்தம் கிட்டத்தில் இருந்தால் போனின் மைக் தாங்காது, தகரத்தில் கல் விழுந்தது போலக் கேட்கும். அவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் போனார்கள்.

எல்லாம் தயார். பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. கமலா அவனைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஒக்காருங்க."

எனக்கு விளங்கவில்லை. "நான் எதுக்கு? தம்பிய ஒக்காரச் சொல்லு. நான் வீடியோ எடுக்கணும்."

"மூத்த மாமன் நீங்க இருக்கையில சின்னண்ணன் மடியிலயா வைக்கிறது?"

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அது எனக்குத் தெரியாதா? என் தம்பி சிவா இரத்தினபுரியிலிருந்து வந்திருந்தான். அவன் உட்காருவான் என்று நானே முடிவு செய்துகொண்டு, வெளிச்சம், சத்தம், துணி என்று எல்லாவற்றையும் யோசித்த நான், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிவாவைப் பார்த்தேன். "நீங்க நிக்க நான் ஒக்காந்தா சனம் என்னண்ணே சொல்லும்? நான் தலையப் புடிச்சுக்கிறேன்" என்று ஒதுங்கிவிட்டான்.

"உன் புருஷன் எங்கிட்ட வீடியோதான் கேட்டாரு" என்றேன்.

"அவரு வீடியோ கேட்டாரு. நான் எங்கண்ணனக் கேக்குறேன்" என்றாள் கமலா. கண் கலங்கியிருந்தது. எங்கள் அப்பா அம்மா இல்லாத இடத்தில் அவளுக்கு நான்தான் என்பதை அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போனை யாரிடம் கொடுப்பது? சுற்றி நின்ற இளசுகள் எல்லோரும் தங்கள் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து டிக்டொக்குக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

பாக்கியம் கையை நீட்டினார். "குடுங்க."

"உனக்கு இதெல்லாம்..."

"எந் தம்பி புள்ள. நான் புடிக்கிறேன். குடுங்க மச்சான், சூடம் அணைஞ்சிரப் போவுது."

கொடுத்தேன். படுக்கையாகப் பிடி, முகத்தைத் திரையில் அழுத்திப் பிடித்தால் பூட்டுப் படம் வரும், அதன் பிறகு வெளிச்சம் கூடிக் குறையாது, ஸூம் பண்ணாதே, கிட்டப் போக வேண்டுமானால் காலால் போ, பேசாதே, குத்தி முடிந்ததும் நிறுத்திவிடு என்று ஒரே மூச்சில் சொன்னேன். "இவ்வளவுதானே? மழையில கொழுந்து எடுக்கிறதுக்கே இதவிடக் கூடச் சட்டம் இருக்கு" என்றார்.

மடியில் பிள்ளையோடு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு திண்டாட்டம் பட்டதில்லை. திரை எனக்குத் தெரியவில்லை. "கிட்ட வா! வலது பக்கம்! ஸூம் பண்ணாத!" என்று கத்தினேன். ஆசாரி ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்தினார். "ஐயா, ஒண்ணு நீங்க வீடியோ எடுங்க, இல்ல மாமனா இருங்க. அசைஞ்சீங்கன்னா எனக்குக் காது தப்பும்." சனம் சிரித்தது. அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கவிஷன் திறந்தான். டிவிஷன் முழுக்கக் கேட்டிருக்கும்.

எல்லாம் முடிந்து போனை வாங்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், படம் அருமை. பிள்ளையின் புருவத்தில் ஒட்டியிருந்த முடித் துணுக்கு வரை தெரிகிறது. குலுக்கல் இல்லை. ஆனால் அந்த அம்மா நிறுத்தவே இல்லை! இரண்டு காதும் குத்தி முடிந்து, கமலா கற்கண்டு கொடுத்து, அவன் அதைத் துப்பி, இன்னும் அழுது, என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஆறு நிமிடம் அதிகம். போதாததற்குப் பேச்சு வேறு: "பாத்தியாடா தம்பி? இந்தா பாரு, ஒம் புள்ள எப்பிடி அழுவுறான்னு பாரு." எடுக்கிறவர் பேசக் கூடாது என்பது என் முதல் சட்டம். வெட்டிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

தோட்டத்திலிருந்து அனுப்ப முடியாது. திரும்பும் வழியில் பெல்மதுளைச் சந்தியில் இறங்கி ஒரு போன் கடைக்குள் போனேன். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனிதர். ஐம்பது ரூபாய்க்கு வைஃபை கொடுத்தார், தேநீருக்குக் காசு வாங்கவில்லை. வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது படத்தைப் பிழிந்து சாறு எடுத்துவிடும். டொக்கியுமென்ட் என்ற வழியில் அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போகும். ஆனால் ஃபைல் பெரிது, நகர மாட்டேன் என்றது.

"ஐயா, கடைசிப் பகுதிய வெட்டிட்டு அனுப்புங்களேன். சுணங்காமப் போவும்" என்றார் நானா. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவருடைய போனில் எடிட் செய்யும் ஆப்பில் போட்டு, வெட்டிச் சேமித்துப் பார்த்தால் முகம் மங்கிவிட்டது. மறுபடி சேமிக்கும்போது தரத்தைக் குறைத்துவிடுகிறது. அந்த மங்கல் முகத்தையா கட்டாருக்கு அனுப்புவது? முடியாது என்றேன். பாக்கியத்தின் பேச்சு உட்பட முழுவதையும் அனுப்பினேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. இரண்டு பஸ்ஸை விட்டேன்.

வீடியோ போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில், நான் கடையில் இருக்கும்போதே, மாப்பிள்ளையின் கோல் வந்தது.

"மச்சான், அவனுக்குப் பல்லு இருக்கு."

"இருக்கும்தானே. வயசு ஒண்ணாகப் போவுது."

"யாரும் எனக்குச் சொல்லலியே மச்சான். கீழ ரெண்டு. கடைசில கற்கண்டத் துப்பிட்டு அழுவுறான்ல, அங்க தெரியுது. ஒண்ணு கொஞ்சம் சரிஞ்சிருக்கு. எங்கப்பாவுக்கும் அதே பல்லு அப்பிடித்தான்."

போனைக் காதோடு இன்னும் ஒட்டிப் பிடித்தேன்.

"அக்கா என்னக் கூப்புடுறாங்க அதுல" என்றார். பிறகு, "இருங்க மச்சான். இன்னொரு தடவ பாத்துட்டு கோல் எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

நானா மேசையைத் துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாசியில் காலை நேரம்தான் நல்லது; பின்னேரம் மழையை நம்ப முடியாது. றக்வானையிலிருந்து திரும்ப மதியத்துக்கு முன் பஸ்ஸைப் பிடியுங்கள். குளிரிலிருந்து எடுத்த போனின் லென்சில் ஆவி படியும், ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். சார்ஜைத் தோட்டத்தில் நம்பாதீர்கள். முகத்துக்கு முன்னால் வெளிச்சம், விலாவோடு முழங்கை, கால்தான் ஸூம். இவையெல்லாம் நான் கண்டுபிடித்தவை, யார் என்ன சொன்னாலும் மாற்ற மாட்டேன். இன்னொன்று இருக்கிறது: நிகழ்ச்சி முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், எடுத்துக்கொண்டே இருங்கள். அது றக்வானையில் இருக்கும் பாக்கியம் கண்டுபிடித்தது. பெயர் போட்டே எழுதிவிட்டேன். எடுக்கிறவர் பேசக் கூடாது என்ற சட்டத்தையும் என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அன்று ருவான்வெல்லை வந்து சேர இருட்டிவிட்டது. பஸ்ஸில் வழி நெடுகப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மாப்பிள்ளை திரும்ப எடுக்கவில்லை. நானும் எடுத்துத் தொந்தரவு செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருக்கட்டும்.