குணலட்சுமி நடத்தாத கடை

குணலட்சுமியைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து எனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் கந்தப்பு. முப்பத்தொரு வருடம் உபதபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கரையில் மனு, விண்ணப்பம், சாவு அறிவித்தல் எது எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அப்படி நான் எழுதிய ஒரே ஒரு வரியால் ஒரு மனுசியின் பதினாறு வருட உழைப்பு இல்லாமல் போனது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

குணலட்சுமி பிறந்தது யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மார்கழியில் பதினோராம் வகுப்பு ஓஎல் சோதனை எழுத இருந்தவர். ஐப்பசிக் கடைசியில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது அவரும் தாய் தகப்பனோடு நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தார். கையில் இருந்தது புத்தகப் பை. கைதடியில் வைத்துத் தகப்பன் புத்தகங்களை வேலியோரம் கொட்டிவிட்டுப் பைக்குள் அரிசியைப் போட்டாராம். "அப்பு செய்தது சரிதானே அண்ணை, புத்தகத்தை அவிச்சுத் தின்னேலுமே?" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. சோதனை அதோடு போய்விட்டது.

பிறகு எங்கள் வடமராட்சிக் கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். கணவர் கேதீஸ்வரன் வாயில்லாத மனிதர், தொழிலில் சூரன். சண்டை முடிவதற்கு முந்தின வருடம் ஒருநாள் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் திரும்பவில்லை. எங்கே, ஏன் என்று கேட்பதற்கு அந்த நாளில் இடமும் இல்லை, ஆளும் இல்லை. பிள்ளைகளும் இல்லை. பல மாதம் ஆரோடும் கதையாமல் கிடந்தவர், ஒரு விடியற்காலை வீட்டு முன்னறை யன்னலைத் திறந்து, குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, கொஞ்சச் சீனியும் தேயிலையும் மெழுகுதிரியும் வைத்தார். அதுதான் கடை.

பெயர்ப்பலகை இல்லை. நகரசபையில் பதிவும் இல்லை. ஆனால் விடிய மூன்றரைக்கு முதல் வள்ளம் இறங்கும்போது அந்த யன்னலில் விளக்கு எரியும். பாதித் தேங்காய் கேட்டால் பாதி கொடுப்பார். ஒரு கரண்டி எண்ணெய், இரண்டு வெங்காயம், ஒரு சுற்றுக் கயிறு, எதையும் இல்லையென்று சொல்லமாட்டார். எனக்கு மட்டும் சொல்வார். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. "உங்களுக்குச் சீனி விக்கிறேல்லை. மனிசியை வரச் சொல்லுங்கோ" என்று எல்லோருக்கும் முன்னால் திருப்பி அனுப்பிவிடுவார். நான் கத்திவிட்டுப் போவேன். அடுத்த நாள் திரும்பப் போவேன், வேறு எங்கே போவது?

பொருளாதார நெருக்கடியில் நாட்டில் எல்லாம் தலைகீழான அந்த வருடம்தான் அவரை வருத்தியது. பெரிய கடைக்காரன் தருகிற விலைக்கு வாங்கி, பெற்றோல் இல்லாமல் ஓட்டோக்காரன் கேட்கிற கூலியைக் கொடுத்துக் கொண்டுவந்தால், குழந்தைகளுக்குக் கரைக்கிற பால்மாப் பெட்டியின் விலை பட்டணத்தைவிடக் கூடிவிடும். நெருக்கடி போன பிறகும் விலை இறங்கவில்லை. ஒருநாள் ஒரு தாய், கைக்குழந்தையோடு வந்தவள், பெட்டியைக் கையில் எடுத்து விலையைக் கேட்டுவிட்டு மெல்லத் திரும்ப வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் போன பிறகு குணலட்சுமி, "விலை சொல்ல எனக்கு வாய் கூசுது அண்ணை. நான் கடை நடத்துறனோ, சனத்தை வெருட்டுறனோ தெரியேல்லை" என்றார். கண் கலங்கியிருந்தது.

போன வருடம் புதிய நகரசபை வந்தது. எங்கள் வட்டாரத்துக்கு வந்த உறுப்பினர் சுபாஸ்கரன் எங்கள் ஊர்ப் பெடியன்தான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். வாசிகசாலையில் கூட்டம் வைத்து, சபையே பலசரக்குக் கடை நடத்தப் போகிறது, மொத்த விலைக்கு வாங்கி லாபம் வைக்காமல் விற்கும் என்றான். ஒரே ஒரு நிபந்தனை: ஏற்கெனவே கடை இல்லாத இடங்களுக்குத்தான் கொடுப்பார்கள். தனியார் பிழைப்பில் சபை மண் போடக் கூடாதாம். கேட்க நல்ல சட்டமாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் எல்லோரும் குணலட்சுமியைப் பார்க்காமல் பார்த்தார்கள். அவர்தான் எழும்பினார்.

"என்ரை அறையை எடுங்கோ. வாடகை வேண்டாம். அந்தக் கடையிலை நான் நிக்கிறன், அது காணும்."

"வேற ஆர் நிக்கிறது அக்கா? நீங்கள்தான் நிப்பியள். உதுக்கு நான் பொறுப்பு" என்றான் சுபாஸ்கரன்.

மனு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. 'இப்பகுதியில் கடை எதுவும் இல்லை; மக்கள் ஒரு தேங்காய்க்கும் மூன்று மைல் நடக்கின்றனர்' என்று எழுதினேன். மனு என்றால் கொஞ்சம் இறுக்கித்தான் எழுத வேண்டும், அது எங்கள் பழக்கம். வெள்ளம் முழங்கால் என்றால் இடுப்பு என்று எழுதுவோம். குணலட்சுமி வாசித்துவிட்டு முகத்தைத் தூக்கினார்.

"அண்ணை, கடை எதுவும் இல்லையெண்டா அப்ப நான் ஆர்?"

"உது கடிதாசிக்கு எழுதுறது பிள்ளை. உதையெல்லாம் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்காதை. வை கையெழுத்தை" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், ஊருக்கே தெரியும். அவர் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார்.

சபை ஆட்கள் பார்க்க வருமுன் யன்னலைப் பூட்டி, மிஞ்சின சாமானை எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருக்கிற சனத்துக்குப் பகிர்ந்து கொடுத்தார். அறையை மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். கடை வந்தது. பால்மா, பருப்பு, மா எல்லாம் பட்டணத்தைவிட மலிவு. நிரந்தர ஆள் போடும்வரை குணலட்சுமியையே தற்காலிகமாக நிறுத்தினார்கள். அந்த இரண்டு மாதமும் நான் பார்த்த குணலட்சுமி வேறு ஆள். விலையைச் சத்தமாகச் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். பால்மாவைத் திரும்ப வைத்த அந்தத் தாயை வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தார். மலிவான சாமானும் அவருடைய கையும் ஒன்றாக இருந்த காலம் அது மட்டுமே.

பிறகு அறிவித்தல் வந்தது. விற்பனையாளர் பதவிக்கு ஓஎல் சித்தி வேண்டும். இல்லையென்றால் பத்து வருடம் கடை நடத்திய அனுபவம் வேண்டும். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பத்து என்ன, பதினாறு இருக்கிறதே. உடனே அனுபவத்துக்கு ஒரு உறுதிக் கடிதம் எழுதி, ஒழுங்கையில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, நேர்முகத்துக்கு நானே அவரோடு போனேன். சேலையை மடிப்புக் கலையாமல் உடுத்திருந்தார். பஸ்ஸில் இருக்காமல் நின்றுகொண்டே வந்தார்.

நகரசபைச் செயலாளர் ஒரு அம்மா. அமைதியாகக் கதைப்பவர். என்னையும் உள்ளே கூப்பிட்டு, தாள்கள் வைத்திருந்த கோவையைத் திறந்து, மேசையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மனு. மற்றது உறுதிக் கடிதம்.

"ரெண்டும் உங்கடை கையெழுத்தோ ஐயா?"

"ஓம்."

"ஒண்டிலை கடை எதுவும் இல்லையெண்டு இருக்கு. மற்றதிலை அதே இடத்திலை பதினாறு வருசமா ஒரு கடை இருந்ததெண்டு இருக்கு. எது உண்மை?"

நான் இரண்டு தாள்களையும் பார்த்தேன். சுபாஸ்கரன் சுவரோரம் நின்றான், தலையை நிமிர்த்தவில்லை.

"நான் உங்களுக்கு விரோதி இல்லை" என்றார் அந்த அம்மா. "கடை இருந்ததெண்டு சொன்னியளெண்டால், அனுமதி பிழை. நான் சபைக்கடையை மூட வேணும். கணக்காய்வு வந்தா என்னைத்தான் கேப்பினம். கடை இருக்கேல்லை எண்டால் இவவுக்கு அனுபவம் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேணும்."

நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்லியிருப்பேன் என்று சத்தியமாக எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குள் குணலட்சுமி கதைத்தார்.

"கடை இருக்கேல்லை அம்மா. நான் சும்மா வீட்டிலை இருந்தனான். அண்ணை என்னிலை இரக்கப்பட்டு எழுதிப்போட்டார்."

குரல் நடுங்கவில்லை. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை. தபாற்கந்தோரில் ஒரு சத முத்திரைக்குச் சண்டை பிடித்த வாய் இது.

பஸ் நிலையத்தில்தான் என் வீரம் வெளியே வந்தது. "உனக்கென்ன விசரே? பதினாறு வருசத்தை ஒரு சொல்லிலை தூக்கிக் குடுத்திட்டியே" என்று அவரைப் பேசினேன். குற்றம் செய்தவன் நான், பேச்சு வாங்கியவர் அவர்.

"கத்தாதேங்கோ அண்ணை, சனம் பாக்குது. கடையை மூடினா அந்தப் பிள்ளைக்குப் பால்மா ஆர் குடுக்கிறது? நான் யன்னலைத் திறந்தாலும் அந்த விலைக்குக் குடுப்பனே?" என்றார். பிறகு, "என்ரை மனிசன் இருந்திருந்தா உண்மையைச் சொல்லியிருப்பன். எனக்கு வேற பிழைப்பு இருந்திருக்கும், என்ரை வயித்துக்காகக் கடையை மூடினனெண்டு ஆரும் சொல்லேலாது" என்றார். பஸ் வரும்வரை அழுதார். நான் கையில் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

கரவெட்டியிலிருந்து தனுசியா என்ற பிள்ளை வேலைக்கு வந்தது. பிழை சொல்லக் கூடாது, தங்கமான பிள்ளை. குணலட்சுமியை அன்ரி என்று கூப்பிடும். ஆனால் ஒன்பது மணி பஸ்ஸில் வந்து நாலரைக்குப் பூட்டிவிடும், முழுநிலவுப் போயா விடுமுறையில் வராது. அது சபையின் நேரம், அந்தப் பிள்ளையின் நேரம் இல்லை. பாதித் தேங்காய்க்குப் பற்றுச்சீட்டு அடிக்க மெசினில் வழியில்லை. கடலுக்குப் போகிறவர்கள் முதல் நாளே தேயிலை வாங்கி வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

சபை கடை நடத்தலாமா கூடாதா என்று வாசிகசாலையில் இப்போதும் வாதம் நடக்கிறது. என்னிடமும் கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல? அந்தக் கடை வந்த பிறகு எங்கள் ஒழுங்கையில் பால்மாவைத் திரும்ப வைக்கிற ஒரு தாயையும் நான் காணவில்லை. அது பொய்யில்லை. நானும் அங்கேதான் அரிசி வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த அறைக்குள் கால் வைக்கும்போது வெட்கமாக இருக்கிறது, வாங்கிக்கொண்டுதான் வருகிறேன். குணலட்சுமியும் அதே வீட்டின் பின்னறையில் இருந்து, முன்பக்கமாகச் சுற்றி வந்து, வரிசையில் நின்று வாங்குகிறார். சனம் முன்னுக்கு விட்டாலும் போகமாட்டார். கருவாடு காயப்போடுகிற இடத்தில் நாட்கூலிக்குப் போகிறார். கை வெடித்திருக்கிறது.

சென்ற மாதம் நிவாரண விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இவ்வளவுக்குப் பிறகும் என்னிடம்தான் வந்தார். பெயர், வயது, படிப்பு எல்லாம் நிரப்பினேன். அடுத்த வரியில், கடந்த பதினைந்து ஆண்டுகளில் செய்த தொழில் என்று கேட்டிருந்தது. நான் கேட்காமலே 'வியாபாரம்' என்று எழுதப் பேனையை வைத்தேன். அவர் தாளின்மேல் கையை வைத்து மறித்தார்.

"வேண்டாம் அண்ணை. சபையிலை நான் குடுத்த கடிதம் கிடக்கு. ஒண்டுக்கொண்டு மாறினா கடையை மூடிப்போடுவாங்கள்."

"அப்ப என்னத்தைப் போட?"

"வீட்டிலை இருந்தனான் எண்டு போடுங்கோ."

"அவ்வளவு வருசமுமோ பிள்ளை?"

"ஓம் அண்ணை."

எழுதினேன். எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். அந்த வரி வந்தபோது நான் நிறுத்திவிட்டேன். அவரே தாளை வாங்கி அந்த வரியை வாசித்தார். சரி என்று சொல்லிவிட்டுக் கீழே கையெழுத்து வைத்தார்.