சிவப்பு விளக்கு

லேத்துப் பட்டறையில் பத்து வருடம் நின்றவருக்குச் சிவப்பு விளக்கு எரிந்தால் இயந்திரம் நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். ஆசைப்பட்டு வாங்கிய வீடியோ கேமராவிலும் அதே கணக்கைத்தான் போட்டார். விளக்கு அணைந்திருக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு மும்முரமாகப் படம் பிடிப்பார். சிவப்பு எரிந்ததும் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்.

மகளின் முதல் பிறந்தநாள் கேசட்டைப் போட்டால், தரையும் அவருடைய செருப்பும்தான் ஓடின.

“மாமா, செவப்பு எரிஞ்சாத்தான் பதிவாகும். பொறந்தநாள் செருப்புக்கா?” என்றான் மைத்துனன். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மேற்கொண்டு பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. அன்றே கேமரா பரண் ஏறியது.

மனைவி இறந்துபோன பிறகுதான் மகள் அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தாள். கேமராவைக் கண்டாலே முகத்தைப் பொத்திக்கொண்டு வாய் திறக்காத அம்மா அவள். வீட்டில் அவள் குரல் எதிலுமே பதிவாகவில்லை.

டிவியில் அதே தரை, அதே செருப்பு. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன.

“நிறுத்திட்டீங்களா?”

“நிறுத்தியாச்சு. பாரு, சிவப்பு எரியுது.”

“நெஜமாத்தானே?”

“சத்தியமா.”

அந்தக் கால்கள் மெல்ல ஆடத் தொடங்கின. குழந்தையைத் தூங்கவைக்க அம்மா பாடினாள், வெட்கமே இல்லாமல், முழுப் பாட்டையும்.

நாற்காலியில் இருந்தவர் எப்போது தரைக்கு இறங்கினார் என்று மகள் கவனிக்கவில்லை. டிவியை ஒட்டி உட்கார்ந்து, அந்தக் கால்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“சத்தியமா எனக்கும் தெரியாதும்மா.”