அந்த வெள்ளைக் காளை முட்டவில்லை

கரடியனாற்றில் பிறந்து, அங்கேயே வேளாண்மை செய்து, அந்த மண்ணிலேயே அடங்கிய எங்கள் அண்ணனின் ஆண்டு நிறைவுக்கு வந்திருக்கும் உங்களிடம், தங்கையாகிய நான் ஒரு பொய்யைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. வயல் வட்டையில் இறங்கி அம்மாவையும் என்னையும் காப்பாற்றியவர் அவர்தான். சுனாமி அன்று உழவு இயந்திரத்தில் அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு களுதாவளைப் பக்கம் போனவர், பத்து நாள் கழித்தே திரும்பினார். செத்த பிள்ளைகளைத் தூக்கிய கை என்று வெகுநாள் கரண்டியால்தான் சோறு உண்டார்.

பிறகு எங்கள் பக்கம் சண்டை மூண்டது. மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிப் புறப்பட்டபோது ஷெல் துண்டொன்று அண்ணனின் இடுப்பில் பாய்ந்தது. ஷெல் காயத்தோடு வரும் இளைஞரை இயக்கக்காரரோ என்று இராணுவம் சந்தேகித்த காலம் அது. சோதனைச் சாவடியில் கேட்டதும் நான் முந்திக்கொண்டேன்.

“மாடு முட்டின சேர்.”

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். அன்றிருந்த நெரிசலில் காயத்தைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். கிளினிக் கொப்பியிலும் மாடு என்றே எழுதினார்கள்.

ஊர் திரும்பியதும் அம்மா அந்த வண்டியின் வெள்ளைக் காளையை விற்றார். முட்டுகிற மாட்டை வைத்திருந்தால் ஊர் நம்பாதே. அது ஒரு குழந்தையைக்கூட முட்டியதில்லை. அதைக் கொண்டுபோகும் வரை அண்ணன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

வருடம் போகப்போக அவருக்குக் கால் விறைத்தது. வரம்பில் சரிந்து விழுவார். சிறுநீர் கட்டிக்கொள்ளும். “மாட்டுக்குத் தோத்த ஆள்” என்று கூட்டாளிமார் பகிடி பண்ணினால் தானும் சிரிப்பார். ஆனால் டொக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார்.

“படத்தில இரும்பு தெரியும் புள்ள. மறுகா எங்க நிண்ட, ஆரோட நிண்ட எண்டு கேப்பாங்க. பொய் சொன்னதுக்கு உன்னையும் கேப்பாங்க.”

“சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம் அண்ணன். வாங்க போவம்.”

“முடிஞ்சதெண்டு ஆரு சொன்ன?”

அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் பயம்தான்.

காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போன நாளில்தான் படம் எடுத்தோம். முதுகெலும்பின் ஓரத்தில் நகமளவு இரும்பு. சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன, முன்பே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டொக்டர். கொப்பியைப் புரட்டி, மாடு முட்டியதாக யார் சொன்னது என்று கேட்டார். நான் அண்ணனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“நான்தான் சொன்ன டொக்டர்” என்றார் அண்ணன்.

பதினொரு நாளில் எங்களை விட்டுப் போனார்.

கடைசி வரை பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், சக்கர நாற்காலி தந்த ஏறாவூர் முஸ்லிம் நானாவுக்கும், அவரைக் குளிப்பாட்டித் தூக்கிய அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் டொக்டரிடம் சொன்ன அதுதான். மாடு என்று சொன்னது நான்.