போகாமலே போட்ட டிக்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம், எங்கள் கோலார் தங்க வயலில் நடந்தது இது. அப்போது நான் பெங்களூரில், வனவிலங்குகளுக்காக இயங்கும் ஒரு சின்ன அமைப்பில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். தினமும் ரயிலில் போய் வருவேன். குரங்குகள் பிழைத்துக்கொள்ளக்கூடிய இடங்கள் மாவட்டத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று குறிக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிந்தால் போதாது. நேரில் போய், தண்ணீர் உண்டா, பழமரம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் டிக் போட வேண்டும்.

மற்ற ஊர்களில் எல்லாம் வெயிலில் நாயாக அலைந்தேன். எங்கள் ஊரில் மட்டும் போய்ப் பார்க்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊரை எனக்கு யார் காட்ட வேண்டும் என்ற கொழுப்பு. ஊருக்கு வெளியே தெரிந்த பச்சையைப் பக்கத்துக் கரட்டில் இருக்கும் காடு என்று நானே நினைத்துக்கொண்டு, ஆபீஸில் உட்கார்ந்தபடி டிக் போட்டுவிட்டேன்.

அதை நம்பித்தான், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அட்டகாசம் செய்த குரங்குகளைப் பிடித்து அங்கே கொண்டுபோய் விட வனத்துறை முடிவு செய்தது. கூண்டுகள் வந்தன. பாதிக் கூட்டம் பிடிபட்டும்விட்டது. மறுநாள் லாரி. எங்கள் லைனில் இருக்கும் ஓர் அக்காவிடம் போனில் படத்தைக் காட்டிப் பெருமையடித்தேன். குரங்குகளால் மூன்று முறை கூரை ஓடு மாற்றியவர் அவர். குரங்குகளைப் பிடிக்கச் சொல்லி லைன்காரர்கள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்தே அவருடையதுதான். படத்தில் இருந்த ரோட்டை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாம்மா, இது சயனைடு மேடு. அங்க இன்னா கீது அதுங்க துன்றதுக்கு?"

நான் சிரித்தேன். அவர் விடவில்லை, என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண்மேடு அது. சின்ன வயதில் வெள்ளை வெளேரென்று பார்த்தது, இப்போது முள்செடி மண்டிக் கிடந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் அதுதான் பச்சை. பழமரம் ஒன்றுகூட இல்லை. அடியில் தேங்கிய தண்ணீரில் ஆடுகூட வாய் வைக்காது. 

"எப்படியோ உங்களுக்குத் தொல்ல ஒழியுமே," என்றேன் வீம்புக்கு.

"போவணும்னுதான் கையெழுத்து போட்டேன். சாவணும்னா போட்டேன்?" என்று சீறினார்.

உடனே என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். வாயைத் திறக்காதே, அடுத்த அறிக்கையில் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம், அமைப்பின் பெயர் கெட்டுவிடும் என்றார். அடுத்த அறிக்கை வருவதற்குள் அந்தக் குரங்குகள் இருக்குமா? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் காலை, லாரி கிளம்பும் முன் வனத்துறை கூட்டிய கூட்டத்தில் என் மேலதிகாரி முறைக்க முறைக்க எழுந்து நின்றேன். "அந்த டிக் நான் போட்டது. போய்ப் பாக்காமயே போட்டேன். அங்க ஒரு குரங்கக்கூட வுடக் கூடாது."  எழுத்தில் கொடுக்கத் தயாரா என்று கேட்டார் வனத்துறை அதிகாரி. பயந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். அங்கேயே ஒரு தாள் வாங்கி, என் பெயர் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

மத்தியானம், பிடித்த இடத்திலேயே கூண்டுகளைத் திறந்துவிட்டார்கள். அடுத்த மாதம் என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். அக்காவின் ஓடு நான்காவது முறையும் உடைந்தது. என்னைப் பார்த்தால் இன்றும் திட்டுகிறார். திட்டட்டும்.

வேலை போனதற்கு அழவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் தப்பை மூடி மறைக்கச் சொல்லும் உரிமை எனக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்கும் கிடையாது. அன்று அந்தத் தப்பை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டு வந்ததால்தான், இன்றும் எவர் முன்னாலும் என்னால் தலைநிமிர்ந்து நிற்க முடிகிறது.