தெர்மகோல் கம்பியும் மாம்பழ ஆவியும்

“டேய், உங்க பாவாவோட காயில் போய்ச்சி. மூஞ்சிய தூக்கி வெச்சிகினு உட்காந்துகினு இருக்காரு. டிபன் கூட வேணான்றாரு. நீதான் எதுனா படிச்சிகினே இருக்கியே, இன்னான்னு வந்து பாரு.”

ஆடி முதல் செவ்வாய்க்கிழமை காலை என் போனுக்கு வந்த குரல் பதிவு இது. அனுப்பியது என் அக்கா கலாவதி. கே.ஜி.கண்டிகையில் இருக்கிறாள். நான் திருத்தணியில்.

காயில் என்றதும் கிணற்று மோட்டார் என்றுதான் நினைத்தேன். மோட்டார் காயில் எரிந்துபோனால் எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் டிபன் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான்.

பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பாவா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர் முனிரத்தினம், கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பொருள். அதை நெஞ்சு மருந்து மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வேப். எலக்ட்ரானிக் சிகரெட்.

இங்கே கொஞ்சம் முன்கதை சொல்லிவிட வேண்டும். பாவா ஷார்ஜாவில் டிரைவராக இருந்தவர். சிகரெட் பிடிப்பதில் சிக்கனம் பார்க்காதவர். ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் வலது கால் கட்டைவிரல் நீலம் பாய ஆரம்பித்தது. பஸ் ஸ்டாப் வரை நடந்தால் கெண்டைக்காலில் வலி. சென்னையில் ரத்தக்குழாய் டாக்டரிடம் காட்டினார்கள். “குழாய் சுருங்கியிருக்கு. இனிமேல் சிகரெட்டைத் தொட்டால் விரலை எடுக்க வேண்டி வரும்” என்றார் அவர். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

தை கிருத்திகை அன்று பாவா மலைக்குப் போனார். சந்நிதிக்கு வெளியே சூடம் ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். “முருகா, இனிமே புகை இல்லை.”

சத்தியத்தை மீறவில்லை. சிகரெட்டைத் தொடவில்லை. பெட்டிக்குள் ஷார்ஜாவிலிருந்து கூடவே வந்த இந்தக் கறுப்புப் பொருளை வெளியே எடுத்தார்... அவ்வளவுதான்.

நம் நாட்டில் இதைத் தயாரிக்க, விற்க, இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது என்று அப்போதே சொன்னேன். கிருத்திகைச் சத்தியம் என்னாயிற்று என்றும் கேட்டேன்.

“புகைன்னுதானே சொன்னேன்? இது புகை இல்லடா, ஆவி. இட்லிப் பானையில வர்றாப்ல. இட்லி துன்னா சாமி குத்தமா?”

அக்காவோ சந்தோஷமாகவே இருந்தாள். சட்டையில் பொத்தல் இல்லை. வீட்டில் நாற்றம் இல்லை. மாம்பழ வாசனை வேறு.

இப்போது அதன் காயில் எரிந்துவிட்டது. கடையில் வாங்க முடியாது. என்னைத் தனியாக அடுப்படிக்கு அழைத்துப் போனாள் அக்கா.

“நேத்து சாயங்காலம் டீக்கடைக்குப் போனாருடா. வெறும் டீதான் குடிச்சேன்னாரு. வாய மோந்து பாத்தேன். டீதான். இன்னிக்கி மோந்து பாக்கவே பயமா இருக்குது.”

அக்கா அழவில்லை. வெங்காயம்கூட நறுக்கவில்லை. சும்மா என்னைப் பார்த்தாள். சிகரெட்டுக்கும் பாவாவின் கால் விரலுக்கும் நடுவில் நிற்பது ஒரு துண்டுக் கம்பி. அதை நானே சுற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பற்ற வைக்காதவன் நான். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

விஷயம் சிக்கலானது இல்லை. மேலே ஒரு சின்னக் கிண்ணம். அதில் இரண்டு திருகாணி. இரண்டுக்கும் நடுவில் சுருள் கம்பி. சுருளுக்குள் பஞ்சு. பஞ்சு வாசனைத் திரவத்தைக் குடித்துக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் பேட்டரி கம்பியைச் சூடாக்கும், திரவம் ஆவியாகும். கம்பி மெலிதாக இருக்க வேண்டும், சுற்று ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும், மின்தடை சரியாக இருக்க வேண்டும். தடை ரொம்பக் குறைந்தால் பேட்டரி கொதித்துவிடும்.

கம்பிக்கு எங்கே போவது? பஜாரில் எலக்ட்ரிகல் கடையில் ஹீட்டர் கம்பி கேட்டேன். தந்தார்கள். அதை வைத்து இந்தச் சாதனத்தைக் கட்டி இழுக்கலாம். உள்ளே நுழைக்க முடியாது.

அப்புறம்தான் தனசேகர் ஞாபகம் வந்தது. முகூர்த்த நாளில் திருத்தணியில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை மேடையிலும் மணமக்கள் பெயரைத் தெர்மகோலில் வெட்டித் தொங்கவிடுபவர் தனசேகர். வெட்டுவது கத்தியால் இல்லை. முடி மாதிரி ஒரு கம்பியைச் சூடாக்கி, அதைக் கொண்டு. நிக்ரோம் கம்பி!

நான் போனபோது ஆவணி முகூர்த்தத்துக்காக ‘ஹேமலதா’வை வெட்டிக்கொண்டிருந்தார். ‘லதா’ முடிந்திருந்தது.

“இன்னா சார், வீட்ல கல்யாணமா?”

“இல்ல தனசேகர். இந்தக் கம்பி கொஞ்சம் வேணும். தெர்மகோல் படாத புதுக் கம்பி. ஒரு காயில் சுத்தணும்.”

“எவ்ளோ பெரிய காயிலு?”

சுண்டுவிரல் நகத்தில் பாதியைக் காட்டினேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மூட்டப்பூச்சிக்கு வெந்நீ போடப் போறீங்களா சார்?”

ஆனாலும் புது உருளையிலிருந்து இரண்டு முழம் வெட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. அவர் கல்யாணப் பெயர்களுக்குத்தான் காசு வாங்குவாராம்.

வியாழக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் வேலை ஆரம்பம். சின்ன ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் கம்பியைச் சுற்ற வேண்டும். முதல் காயில், கையை எடுத்ததும் நூடுல்ஸ் ஆனது. இரண்டாவது அழகாக வந்தது. ஆனால் இரண்டு முனையும் ஒரே பக்கம் பார்த்தன. மூன்றாவதை மாட்டிவிட்டேன். பட்டனை அழுத்தினால் திரையில் ‘ஷார்ட்’ என்று வந்தது. கம்பியின் வால் கிண்ணத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பாவா எதிரில் உட்கார்ந்து கால் விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாடா, தாலிச் சரடா கோக்குற? சீக்கிரம் ஆவட்டும் நைனா.”

“பாவா, அவசரப்பட்டா பேட்டரி வெடிச்சிடும்.”

“வெடிக்கட்டும். அந்தப் புகையாவது வரும் இல்ல?”

நான்காவது காயில் நின்றது. மல்டிமீட்டரில் அளந்தேன். படித்த அளவும் அளந்த அளவும் பொருந்தின. பஞ்சு வைக்கும் முன்பு ஒருமுறை சும்மா அழுத்தி, கம்பி ஒரே சீராகச் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரம் முதலில் சிவந்தால் இடுக்கியால் மெல்ல நெருக்கிவிட வேண்டும். நெருக்கினேன். அக்கா லைட்டை அணைத்தாள். இருட்டில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு செந்நிறம் பரவியது...

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பழக்கதோஷம்.

அடுத்தது பஞ்சு. “அத எங்கிட்ட வுடு” என்றார் பாவா. “நூலப் பத்தி நம்ம பக்கத்து ஆளுக்கே சொல்லித் தர்றியா?” ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கும் சிநேகிதரிடமிருந்து முதல் நாளே ஒரு சிட்டம் நூல் வாங்கி வந்திருந்தார். அசல் பருத்தி. கலப்படம் கிடையாது. ஒரு இழையைக் கொளுத்திக் காட்டி நிரூபித்தார். பிரித்து, முறுக்கை எடுத்து, சுருளுக்குள் நுழைத்தோம். பாவாவின் பாட்டிலிலிருந்து மாம்பழத் திரவத்தை ஊற்றி ஊறவைத்தோம்.

பாவா கண்ணை மூடி, மூன்று நாள் பசியோடு இழுத்தார்.

அக்கா அடுப்படிக்கு ஓடினாள். “ஐயோ, கஞ்சி அடி பிடிச்சிகிச்சா?”

அடுப்பில் ஒன்றும் இல்லை. அடி பிடித்தது பாவாவின் வாயில். தறியில் ஏற்றும் நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். போடாவிட்டால் இழை அறுந்துபோகும். ஆர்.கே.பேட்டையில் இது எல்லாருக்கும் தெரியும். பாவாவுக்கும் தெரியும். பருத்தியா என்று சோதித்தவர், கஞ்சியை யோசிக்கவில்லை. சிநேகிதருக்குப் போன் போட்டுக் கத்தினார்.

“யோவ், கஞ்சி போட்ட நூல ஏன்யா குடுத்த?”

“நீ அதத் துன்னப் போறேன்னு எனக்கு இன்னா தெரியும்?” என்றது மறுமுனை.

அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் சாதாரணப் பஞ்சு வாங்கினோம். இறுக்கமாக வைத்தால் திரவம் ஏறவில்லை. தளர்வாக வைத்தால் ஒழுகியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதைப் பிடித்தோம். கூடம் முழுக்க மாம்பழ வாசனை. பாவா அன்று ராத்திரி நாலு தோசை சாப்பிட்டார். அக்கா ஐந்தாவதை வற்புறுத்திப் போட்டாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? உபரியாக நாலு காயில் சுற்றி மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை டாக்டர் பார்க்கும் நாள். மூன்று பேரும் மின்சார ரயிலில் போனோம்.

டாக்டர் பாவாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலை அழுத்தினார். கணுக்காலில் நாடியைத் தேடினார். ரொம்ப நேரம் தேடினார்.

“சிகரெட்?”

“வுட்டாச்சு டாக்டர்.”

“சூடம் அணச்சி சத்தியம் பண்ணாரு சார்” என்றாள் அக்கா.

“அப்படின்னா குறைஞ்சிருக்கணுமே. அதிகமாகியிருக்கே...”

சட்டைப் பையிலிருந்து பாவா அந்தக் கறுப்புப் பொருளை எடுத்து மேஜை மேல் வைத்தார். “இது மட்டும்தான் சார். புகை கிடையாது.”

டாக்டர் அதைத் திறந்து உள்ளே பார்த்தார். “இந்தக் காயில்...?”

“நான் சுத்தினது டாக்டர்” என்று முந்திக்கொண்டேன். “நிக்ரோம். ஓரம் சூடாகாம நடுவிலேர்ந்து...”

“இதுல ஊத்தறது என்ன? நிகோடின் இருக்கா?”

நான் பாவாவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

“மாம்பழம்” என்றார் பாவா.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ரத்தக்குழாயைச் சுருக்கறதுல நிகோடினுக்குப் பெரிய பங்கு. அது புகையில வந்ததா ஆவியில வந்ததான்னு காலுக்குத் தெரியாது. எல்லாத்தையும் நிறுத்துங்க. ரெண்டு வாரத்துல வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா, விரலைப் பத்திப் பேசுவோம்.”

திரும்பும் ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தது. ஒருவரும் வெளியே பார்க்கவில்லை.

“ரெண்டு நாள் இன்னாத்தடா படிச்ச?” என்றாள் அக்கா.

“காயிலைப் பத்தி.”

“உள்ள ஊத்தறதப் பத்தி?”

படிக்கவில்லை. கம்பியின் கனம் தெரியும், மின்தடை தெரியும், பஞ்சின் இறுக்கம் தெரியும். பாவாவின் நுரையீரலுக்குள் போவது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. நாம் பல சமயம் இப்படித்தான், இல்லையா? அளக்கக் கருவி இருக்கிறதை அளந்துகொண்டே இருப்போம். கேட்டால் சங்கடமாகிவிடும் என்கிற ஒன்றை மட்டும் கேட்க மாட்டோம். வேலை சுத்தமாக நடந்துகொண்டிருப்பதால் நல்லதே நடக்கிறது என்று ஒரு நிம்மதி வேறு.

“அந்த பாட்டில்ல நிகோடின் இல்லன்னா?” என்றார் பாவா. குரல் கொஞ்சம் கம்மி.

“இல்லன்னா காயில் போன அன்னிக்கி எதுக்கு டிபன் துன்னல? மாங்கா வாசன இல்லியேன்னா?” என்றாள் அக்கா.

அரக்கோணம் வந்ததும் பாவா சாதனத்தையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து அக்காவின் பைக்குள் தானே வைத்தார். அக்கா ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்த பாட்டில் விவகாரத்தை நான் விடவில்லை. தந்தவர் பாவாவின் சென்னை சிநேகிதர். லேபிள் கிடையாது; மார்க்கர் பேனாவில் ‘மேங்கோ’ என்று மட்டும் எழுதியிருந்தது. அவரைக் கேட்டேன். “நிகோடின் சுத்தமா இருக்காது” என்றார். அவருக்கு விற்றவரைக் கேட்டுச் சொல்லச் சொன்னேன். “கொஞ்சம் இருக்கும்” என்று வந்தது பதில். எங்காவது கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றால், மிச்சத்தை அக்கா அன்றைக்கே சாக்கடையில் ஊற்றிவிட்டாள். ஆகவே அது தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

இதை எழுதுவது அடுத்த செக்கப்புக்கு முதல் நாள்.

ரயிலில் வந்த அன்றிலிருந்து புகையும் இல்லை, ஆவியும் இல்லை என்கிறார் பாவா. முதல் நாலு நாள் வீட்டில் இரண்டு டம்ளர் உடைந்தது என்கிறாள் அக்கா. தினமும் மோந்து பார்க்கிறாளாம். அவர் இப்போது மெல்லும் கிராம்பின் வாசனைதான் வருகிறதாம்.

நேற்று சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட பாவாவும் கூட நடந்து வந்தார். “இப்பல்லாம் வலி கொறஞ்சி போச்சிடா” என்றார். பாதி வழியில் ஒரு சுவர் அருகே, வலது காலில் பாரம் போடாமல் நின்றார். அதில் ஒரு காதுகுத்துப் போஸ்டர். குழந்தையின் பெயர், தாய்மாமன் பெயர், விருந்து நேரம், கீழே இருந்த நண்பர்கள் பட்டியல்... எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். அதில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. படித்து முடித்துத்தான் மறுபடி நடந்தார்.

வலி குறைந்திருக்கிறது என்பது பாவா சொன்னது. நான் சரிபார்க்கவில்லை.